நாலாவது பூச்சு

அந்தப் படத்தில் கதாநாயகி கரிக்கிடங்கில் கூடை சுமப்பவள். நடிக்க வந்தவளோ வெயிலே படாத வெள்ளைத் தோல்காரி. விளக்குகளைச் சரிசெய்து முடிக்கும்வரை அவள் இடத்தில் கூடையோடு நிற்பதுதான் என் வேலை. டூப்பு என்று கூப்பிடுவார்கள். என்னை அவள் நிறத்துக்குக் கொண்டுவர, மேக்கப்காரர் தினமும் முகம், கழுத்து, கை என்று மூன்று பூச்சுப் பவுடர் அப்புவார். விளக்கு தயாரானதும் "நீ போலாம்மா" என்பார்கள். அவள் வருவாள்.

எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன்? என் அம்மா இருபது வருஷம் நிஜமாகவே கரி சுமந்தவள். "ஒரே ஒரு தடவை உன் மூஞ்சி திரையில வரட்டும்டி, முதல் வரிசையில போய் உட்காருறேன்" என்று நச்சரிப்பாள். இவளோ கூடையைப் பூச்சாடி மாதிரித் தூக்குகிறாள். அதற்கு ஒரு ஆகா, ஓகோ!

ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. குழாயடியில் பவுடரைக் கழுவிவிட்டுப் போய் நின்றேன். கேமராக்காரர் கண்டுபிடிக்கவே இல்லை. அவர் என்றைக்கு என் முகத்தைப் பார்த்தார்? வெளிச்சம் அளக்கும் மீட்டரைத்தான் பார்ப்பார்.

"முள்ளு ஏறலையே. இன்னும் ரெண்டு லைட்டைப் போடுப்பா" என்றார்.

புதுப் பிலிம் சுருள் என்பதால், சோதனைக்குப் பத்து விநாடி என்னை நடக்கவிட்டு எடுத்தார். அம்மாவைப் போலக் கூடையை இடுப்பில் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பிறகு அவள் வந்து, அதே வெளிச்சத்தில் நடித்தாள்.

மறுநாள் போட்டுப் பார்த்தார்கள். கதவோரம் நின்றேன். முதலில் திரையில் வந்தது நான். என் மூக்கு, கன்னத்துத் தழும்பு, எல்லாம் துல்லியமாக. அடுத்து வந்த அவளுக்கு, என் கறுப்புக்குக் கூட்டிய வெளிச்சத்தில், மூக்கும் இல்லை, வாயும் இல்லை, வெறும் வெள்ளை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"யாருய்யா முதல்ல வந்த பொண்ணு?" என்றார் டைரக்டர்.

"நம்ம டூப்புதான் சார்."

"என்ன நடை! அசல் கரிக்காரி!" என்று என்னிடம் திரும்பினார். "நம்ம ஹீரோயினுக்கு அதை அப்படியே சொல்லிக் கொடு. நாளைக்குத் திரும்ப எடுக்கலாம். மேக்கப்காரரே, இந்த டூப்புக்கு இன்னொரு பூச்சு சேர்த்துப் போடுங்க."

அவள் நேராக என்னிடம் வந்தாள். "கத்துக் கொடுங்கக்கா" என்றாள். திமிராகப் பேசியிருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அது அம்மாவின் நடை. கெடுக்க மனம் வரவில்லை.

அடுத்த நாள் அவள் நடந்தாள். இடுப்பு, மூச்சு, பாதி வழியில் தோளைத் தளர்த்துவது, எல்லாம் அச்சு அசலாக என் அம்மா. முகம் மட்டும் அவளுடையது. "கட்" என்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டத் தட்ட, என் கையிலிருந்து பவுடர் பறந்தது.