அரியரத்தினத்தின் கலியாண லீவு

போன நவம்பரில் இரண்டு கிழமை, கெல்சென்கிர்ச்சனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டுக்கு மட்டும் பலர்மோ வெயில் அடித்தது. மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் வழமையான மழைதான்.

வீடு அரியரத்தினத்தாருடையது. ஜெர்மனிக்கு வரமுதல் இத்தாலியில், பலர்மோவில், சாப்பாட்டுக்கடைக் குசினிகளில் வேலைக்கு நின்றவர். பென்சன் எடுத்தும் சும்மா இருக்க ஏலாமல், ஒரு கொம்பனியின் இத்தாலிய லீவு விதிகளை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கும் வேலையைப் பிடித்திருந்தார். முதலில் எல்லாவற்றுக்கும் வெறும் லீவு என்றே போட்டு அனுப்பினார். யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் வந்தாலும் கலியாணம் வந்தாலும் லீவு லீவுதானே. கொம்பனி திருப்பி அனுப்பியது. இத்தாலிக்காரன் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒவ்வொரு லீவு வைத்திருக்கிறானாம். ஆகவே ஒவ்வொன்றுக்கும் சரியான சொல்லைத் தேடினார். சொல் சரியாக விழுந்ததும் அந்த லீவு வீட்டுக்கே வந்துவிட்டது. இரத்ததான லீவை முடித்த அன்று அவருடைய முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. துக்க லீவுக்கு, ஒருவரும் சாகாமலே, அயலவர்கள் மூன்று நாள் சோறும் பருப்பும் கொண்டுவந்தார்கள். பால் கொடுக்கும் தாய்மாரின் லீவு வந்த மத்தியானம் குசினியில் ஒரு குழந்தை அழுதது. அவருடைய மனைவி கமலநாயகி போய் அதட்ட, அடங்கிவிட்டது.

மிச்சம் கலியாண லீவு. அதை மட்டும் அவர் தொடவில்லை. பலர்மோவில் தாலி கட்டிய மறுநாள் விடிய, முதலாளி தந்த பதினைந்து நாளையும் வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கோப்பை கழுவப் போனவர் அவர். லீவில் நின்றால் தன் இடத்தில் வேறொருவன் நிற்பான் என்ற பயம். அந்த நாளில் அங்கிருந்த எங்கடையாக்கள் எல்லாருக்கும் இருந்த பயம். கமலநாயகி பலர்மோக் கடலை பஸ் யன்னலால் மட்டும் பார்த்தவர். நாடு மாறி, பிள்ளை வளர்ந்து, தலை நரைத்தும் அதை மறக்கவில்லை. இப்போது பெட்டி கட்டிவிட்டார்.

“நாளைக்குக் கார்ல்ஸ்ரூஹே போறன். இனி மகனோடதான். நீங்கள் உங்கட வேலையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருங்கோ.”

“எப்ப திரும்பி வாறீர்?”

“ஆர் வாறதெண்டு சொன்னது?”

அன்று பின்னேரம், பெட்டி வாசலில் நிற்க, கமலநாயகி அப்போதே சப்பாத்தும் போட்டிருக்க, அரியரத்தினம் கடைசிச் சொல்லையும் எழுதினார். வெயில் வந்தது. ரயில் பாதை இருந்த இடத்தில் கடல் கிடந்தது. கமலநாயகி யன்னலடிக்குப் போய்ப் பார்த்தார். ஆனாலும் அன்றிரவு முழுக்கச் சப்பாத்தைக் கழற்றவில்லை. விடிய கொம்பனியிலிருந்து அவசர வேலை என்று போன் வந்தது.

“ஏலாது,” என்றார் அரியரத்தினம். “நான் லீவு.”

கமலநாயகி சப்பாத்தைக் கழற்றினார்.

மேல்வீட்டுச் சுபானி மிளகாய் காயப்போட வந்தார். புதுத் தம்பதிக்குத் தொந்தரவில்லாமல் பல்கனியில் பரப்பிவிட்டுப் போனார். மகன் நிஷாந்தன் கார்ல்ஸ்ரூஹே ஸ்டேஷனில் நின்று போன் எடுத்தான்.

“அம்மா, எங்க நிக்கிறியள்?”

“கடற்கரையில தம்பி. கொப்பர் குளிக்கிறார்.”

பதினாறாம் நாள் மழை திரும்பியது. கமலநாயகி பெட்டிக்குள் கிடந்த மணலை உதறிவிட்டு, பெட்டியை அலுமாரிக்கு மேல் ஏற்றினார். சுபானிக்கு மட்டும் இன்றும் மனக்குறை: வெயில் இன்னுமொரு நாள் எரித்திருந்தால் மிளகாய் சரியாகக் காய்ந்திருக்கும்.