ஒற்றை மெமரி

பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் விஜயதாஸ் நடத்தும் டைப்பிங் சென்டருக்கு நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கப் போனபோது, அங்கே வேலை செய்யும் விஜயம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் காலையிலிருந்து திரை தெளியாமல் பீப் பீப் என்று கத்துகிறதாம்.

“இவ என்னத்தையோ செய்து கெடுத்துப்போட்டா, எலியா. நேத்து வரைக்கும் சொகமா ஓடின மிஷினாக்கும். இனி இவள வேலைக்கு வச்சிருக்க முடியாது” என்றார் விஜயதாஸ்.

“நான் சுவிச்சு போட்டது மட்டும் உண்டு தம்பி. பகவதியாண, வேற ஒண்ணும் தொடேல்ல.”

“பகவதியா வந்து ரிப்பேர் பாப்பா?” விஜயதாஸ் சிரித்தார்.

பெட்டியைத் திறந்தேன். கரப்பான் நாற்றம் மூக்கில் ஏறியது. போன வருடம் நான் இதில் எட்டு எம்.பி. மெமரி இரண்டு போட்டிருந்தேன். இந்தப் பெண்டியம் போர்டில் அவை ஜோடியாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றைக் காணோம். எங்கும் தூசி, அந்த இடம் மட்டும் சுத்தம். பெட்டியின் தகர விளிம்பிலும் மிச்சமிருந்த மெமரியிலும் காய்ந்த ரத்தம்.

விஜயதாஸின் விரலில் துணிக்கட்டு இருந்தது. தன் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மெமரி போதவில்லை என்று போன வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

“அண்ணனுக்கு விரலு என்ன ஆச்சு?”

விஜயம்மாதான் பதில் சொன்னாள். “காலையில தேங்கா திருவும்போ முறிஞ்சு ரத்தம் வந்துதாம். நான்தான் கட்டிவிட்டேன்.”

தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டியிருக்கிறாள். அந்தக் கட்டோடு நின்றுதான் அவர் அவள்மேல் பழி போட்டிருக்கிறார். கரப்பான் நாற்றத்தைவிட அது எனக்கு அருவருப்பாக இருந்தது.

“ஒண்ண எடுத்தா பாதி வேகத்துல ஓடும்னு நினைச்சீங்களோ? ஜோடி இல்லேன்னா இது எழும்பவே செய்யாது. வீட்டுக் கம்ப்யூட்டர்ல மாட்டினத கழத்திக் கொண்டு வாங்க.”

“மோனுக்கு கேம் களிக்கணும்னு… நீ மெல்ல பேசு, மக்கா.”

விஜயம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் ஸ்கூட்டரை எடுத்தார்.

அரைமணி நேரத்தில் மெமரியைச் செய்தித்தாளில் பொதிந்து கொண்டுவந்தார். விஜயம்மா தன் அழிரப்பரைத் தந்தாள். ரத்தக்கறையைத் தேய்த்தெடுத்து, இரண்டையும் சாய்த்துச் செருகி, கொக்கி பிடிக்கும்வரை நிமிர்த்தினேன். திரையில் எண் ஓடி 16384-இல் நின்றது.

“பதினாறு எம்.பி.யும் உண்டு, அக்கா.”

“அப்ப பாக்கி கெடக்குற நோட்டீச டைப் அடி” என்றார் விஜயதாஸ். அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் காறித் துப்பத் தோன்றியது. ஆண்டவரே, என் நாவைக் காத்தருளும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

விஜயம்மா பையை ஆணியில் மாட்டினாள். அவர் விரலில் கட்டு அவிழ்ந்து ரத்தம் கசிவதைக் கண்டு, மேஜைக்குள்ளிருந்து மிச்சத் துணியை எடுத்தாள்.

“இங்க காட்டுங்க, அண்ணா. இன்னைக்கே ஊசி போட்டுக்கிடுங்க. தேங்காத் திருவி இல்லேல்லா, தகரமாக்கும் முறிச்சது.”

விஜயதாஸ் தலை நிமிரவில்லை. கையை மட்டும் நீட்டினார்.