மணவாளன் சார் பஸ் ஏறிய நாள்

முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்க தாலுகா ஆபீசுக்கு ஏழு தடவை நடந்தவள் சத்யப்பிரியா. அதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டாள். அழுதால் நாளைக்கு வா என்பார்கள். கேள்வி கேட்டால் உட்காரச் சொல்வார்கள். கடலூரில் அவள் வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் மேலாளர் மணவாளனிடமும் அவள் கேள்விதான் கேட்டாள்.

“ஆறு மாசமா நான் கொண்டாந்த தண்ணி ஒரு தடவையாவது லேட்டா வந்திருக்கா சார்? சிலம்பரசன் எத்தன தடவ லேட்டு? அவன நிரந்தரம் பண்ணிட்டு என்ன மட்டும் ஏன் பண்ணல?”

“அவன்கிட்ட வண்டி இருக்கும்மா.”

ஊர் ஊராகப் போய்க் குடிதண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வேலையில் நிரந்தரமாகச் சொந்த வண்டியும் லைசென்சும் கட்டாயம் என்று விதி. விலக்குக் கொடுக்கிற அதிகாரம் மணவாளனிடம் இருந்தது. மனசுதான் இல்லை.

“லைசென்சு எடுத்துடேன்.”

“எட்டு போடச் சொன்னாங்க சார். ரெண்டு தடவையும் எனக்கு ஆறுதான் வந்துச்சு.”

ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்த பெலிசியா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

“பஸ்ஸ நம்பி வேல பாக்க முடியாதும்மா.”

“நீங்க கடைசியா எப்ப சார் பஸ்ஸுல ஏறுனீங்க?”

மணவாளன் யோசித்தார். தெருமுனையில் தயிர் வாங்கக்கூடக் காரை எடுப்பவர் அவர். பதினெட்டு வருஷம் இருக்கும். வீம்பு வந்துவிட்டது.

“நாளைக்கு உன்கூடவே வர்றேன். கீரப்பாளையம் போய்த் தண்ணி எடுக்கணும். நாலரைக்குள்ள அது இங்க இருக்கணும். இருந்தா கையெழுத்து. இல்லன்னா பேசாம கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துடணும்.”

“சரி சார்.”

மறுநாள் காலை சிதம்பரம் போகும் பஸ்ஸில் ஏறியதுமே அவர் கை இடுப்பைத் தடவியது.

“என்ன சார் தேடுறீங்க?”

“சீட் பெல்ட்டு.”

சிதம்பரத்தில் கீரப்பாளையத்துக்கு டவுன் பஸ் மாறினார்கள். கண்டக்டர் சத்யப்பிரியாவுக்குக் காசு வாங்காமல் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். மணவாளன் ஐநூறு ரூபாயை நீட்டினார். கண்டக்டர் அந்த நோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“காலங்காத்தால என்ன சோதிக்கணும்னே வீட்டுலேர்ந்து கெளம்புனீங்களா?”

“அப்ப எனக்கும் சும்மாவே குடுங்களேன்.”

“பொடவ கட்டிட்டு வாங்க, குடுக்கறேன்.”

பஸ் முழுக்கச் சிரித்தது. மணவாளனும் கொஞ்சம் சிரித்தார். பக்கத்து சீட்டுக்காரரிடம் நெல் விலை விசாரித்தார். ஜன்னல் வழியே தலையை நீட்டி முன் சீட்டு அம்மாவிடம் திட்டு வாங்கினார். பதினெட்டு வருஷத்துக் கணக்கை அரை மணி நேரத்தில் தீர்த்துக்கொள்வது போல இருந்தது அவர் உற்சாகம்.

கீரப்பாளையத்தில் நான்கு குழாய்களில் தண்ணீர் பிடித்து முடிக்கும்போது மணி பன்னிரண்டரை. மணவாளனுக்குப் பசித்தது. கையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

“என் டிபன் கேரியர் எங்க?”

“எங்க வச்சீங்க?”

“சீட்டுக்கு அடியில.”

“எறங்கும்போது எடுக்கலியா?”

“எதுக்கு எடுக்கணும்? திரும்பி வந்து ஏறும்போது அங்கதான இருக்கும்?”

சொல்லி முடித்தபிறகுதான் அவருக்கே உறைத்தது. காரில் இறங்குவது போல இறங்கியிருக்கிறார். சத்யப்பிரியாவுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தன் புளிச்சோற்றில் பாதியை எடுத்து அவருக்குக் கொடுத்தாள்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பியபோது மணி இரண்டு இருபது. டைம் கீப்பர் நோட்டைப் பார்த்துச் சொன்னார்.

“அந்த வண்டி மறு டிரிப் போயிருக்கு சார். மூணேகாலுக்கு உள்ள வரும். கண்டக்டர்கிட்ட போன்ல கேட்டுட்டேன், கேரியர் பத்திரமா இருக்கு.”

இரண்டு ஐம்பதுக்குக் கடலூர் பாசஞ்சர். அதை விட்டால் ஐஸ் பெட்டி நாலரைக்குப் போய்ச் சேராது.

“சார், வாங்க. ஸ்டேஷனுக்குப் போவலாம். கேரியர நாளைக்கு வாங்கிக்கலாம்.”

“அது எங்க மாமியார் வீட்டுச் சீருல வந்ததும்மா. அது இல்லாம நான் வீட்டுக்குள்ள போவ முடியாது.”

“அப்ப நீங்க இருங்க. நான் போறேன்.”

“நான் கூட இல்லன்னா எதப் பாத்துக் கையெழுத்துப் போடுறது?”

அவள் ஒரு நொடி நின்றாள். இவரோடு நின்றால் தண்ணீர் கெடும். தண்ணீரோடு போனால் கையெழுத்து கெடும்.

“நாலரைக்குத் தண்ணி வரணும்னுதான் சொன்னீங்க. நீங்க வரணும்னு சொல்லல.”

பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவை நோக்கி ஓடினாள். பின்னால் மணவாளன் “ஏம்மா... ஏம்மா...” என்பது கேட்டது. திரும்பவில்லை.

நாலு பத்துக்குப் பெலிசியா பெட்டியைத் திறந்தாள். ஐஸ் இன்னும் கட்டியாகவே இருந்தது. ரிஜிஸ்டரில் நேரத்தை எழுதினாள்.

“தண்ணி வந்துடுச்சு. சாரு எங்கடி?”

“சிதம்பரத்துல.”

“வித்துட்டு வந்துட்டியா?”

அதற்குள் மணவாளனே கூப்பிட்டார். சத்யப்பிரியா ஸ்பீக்கரில் போட்டாள்.

“கேரியர் கெடச்சிடுச்சும்மா! அந்தக் கண்டக்டர் கழுவியே வச்சிருக்கார். தண்ணி?”

“நாலு பத்துக்கே வந்துடுச்சு சார். பெலிசியா எழுதிட்டா.”

 எதிர்முனையில் ஒரு பெருமூச்சு.

“சரி, நீ ஜெயிச்ச. விலக்குக் குடுத்துடறேன். திங்கக்கெழம எழுதிக்கலாம். நானும் பஸ்ஸுல ஏறிட்டேன், ஜன்னலோர சீட்டு!”

அவர் குரலுக்குப் பின்னால் ஒரு கண்டக்டர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். “திட்டக்குடி, திட்டக்குடி, திட்டக்குடி!”

கடலூர் வடக்கே இருக்கிறது. திட்டக்குடி, மாவட்டத்தின் மேற்குக் கோடி. பெலிசியா வாயைப் பொத்திக்கொண்டாள். சத்யப்பிரியா உதட்டில் விரலை வைத்தாள்.

“திங்கக்கெழம வேணாம் சார். இப்பவே ஆபீஸ் குரூப்புல போட்டுடுங்க.”

“இப்பவேவா? வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாம்மா.”

“அதான் சார் சொல்றேன். சீக்கிரம்.”

அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவது மூச்சு வாங்குவதிலேயே தெரிந்தது. பெலிசியாவின் போன் முதலில் மினுங்கியது. ‘சத்யப்பிரியாவுக்கு வண்டி தேவையில்லை. நிரந்தரம் செய்கிறேன். மணவாளன்.’

சத்யப்பிரியா இரண்டு தடவை படித்தாள். பெலிசியா அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தாள்.

“ரொம்ப தேங்க்ஸ் சார். இப்ப கேரியரக் கையில எடுத்துக்கிட்டு மொதல்ல எறங்குங்க. அது திட்டக்குடி போவுது.”

போனில் முதலில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் மணவாளனின் குரல், பஸ்ஸே அதிரும்படி.

“ஹோல்டான்! ஹோல்டான்!”