பக்கிரிசாமியின் வரிக்கத்தரி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளில் பக்கிரிசாமியின் கத்தரிக்காயைத் தின்னாதவர் யாரும் இல்லை. வெள்ளை வரி ஓடிய சின்னக் காய், வெண்ணெயாய் வேகும். ஏழு வருடமாக நல்ல காயாகப் பார்த்து விதைக்கு விட்டு அந்த வகையை உண்டாக்கியிருந்தான். தண்டவாளம் பழுது பார்க்கும் கேங்கில் அவனுக்கு வேலை, எனக்குப் பக்கத்து வீடு. நானோ ரயில் பட்டறை ஆள். ஒரு கீரையைக்கூட முளைக்க வைத்தவனில்லை. ஆனால் எல்லாம் தெரிந்தவன்போல் பேசுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் ஆட்குறைப்பு வந்தது. என்னை வைத்துக்கொண்டு அவனை நிறுத்திவிட்டார்கள். கடலுக்கு அக்கரையிலிருந்த சொந்த ஊருக்குத் திரும்ப இலவசமாகக் கப்பல் ஏற்றினார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் விதைகளைச் சாம்பலில் புரட்டி இரண்டு பொட்டலமாகக் கட்டி, ஒன்றை என் கையில் வைத்தான்.

“அண்ணே, நம்ம லைன் மண்ணு செங்கல்லுக்குத்தான் ஆகும். மூங்கிலடிப் பழைய மண்ணும் ஆத்து மணலும் சரிபாதி எடுத்துச் சலிச்சுக்குங்க. எரு வேணாம். நாத்து நாலு இலை விட்டப்புறம் போடலாம்.”

“எரு இல்லாம எப்படிடா வளரும்?”

“பொறந்த புள்ளைக்குக் கறிச்சோறா ஊட்டுவோம்?”

தலையை ஆட்டினேன். அவன் கப்பலேறிய வாரமே எனக்குப் புத்தி கோணிவிட்டது. மணலில் என்ன சத்து இருக்கும்? அவனைவிடச் செழிப்பாக வளர்த்து, லைன் முழுக்கக் கொடுத்துப் பெயர் வாங்க வேண்டும் என்று ஆசை. சீக்கியப் பால்காரரின் கொட்டகையிலிருந்து பச்சைச் சாணி, பாசார் சந்தையிலிருந்து மீன் குடல், கொல்லையில் வெட்டிய களிமண் எல்லாவற்றையும் பிசைந்து மண்ணெண்ணெய் டின்னில் அடைத்தேன்.

என் மனைவி நல்லம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “அவரு மணல்னுதானே சொன்னாரு? பாதி விதையையாவது எடுத்து வைங்க.”

“எல்லாம் எனக்குத் தெரியும்,” என்றேன். பொட்டலம் மொத்தத்தையும் கொட்டினேன்.

டின்னில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. ஐந்தே ஐந்து முளைத்தன. அதற்கே பட்டறையில் பெருமை பேசினேன். மூன்றாம் நாள் தண்டு அடியில் கறுத்து, ஐந்தும் படுத்துவிட்டன. விரலால் கிளறிப் பார்த்தேன். மிச்ச விதைகள் அழுகிக் கூழாகியிருந்தன.

நாலு மாதம் கழித்து அவனிடமிருந்து கடிதம் வந்தது. ‘கப்பலில் பெட்டிக்குள் உப்புத் தண்ணீர் ஏறி என் விதை வீணாகிவிட்டது. அண்ணனிடம் இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பத்து விதை அனுப்பினால் போதும்.’

உண்மையை எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. பாசாரில் முற்றிய கத்தரிக்காய் ஒன்றை வாங்கி, விதை எடுத்துக் காயவைத்து, அவனைப் போலவே சாம்பலில் புரட்டி அனுப்பினேன். அந்தச் சாம்பலை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மறு வருடம் பதில் வந்தது. ‘பத்தும் முளைத்தது. காயில் வரி விழவில்லை, கசக்கிறது. விதையைக் குறை சொல்ல முடியாது, அண்ணன் கையால் வந்தது. எனக்குத்தான் மண் எடுக்கும் பக்குவம் மறந்துவிட்டது. மூன்று இடத்து மண்ணை மாற்றிப் பார்த்தேன். இப்போது அரைநாள் நடந்து போய் ஆற்றங்கரையிலிருந்து சுமந்து வருகிறேன். அடுத்த காய்ப்பில் வரி விழும்.’

“என்ன எழுதியிருக்காரு?” என்று நல்லம்மாள் கேட்டாள்.

“மண்ணு சரியில்லையாம்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். “இப்பவாச்சும் எழுதிடுங்க. பாவம், அந்த மனுசன் நடக்குறாரு.”

காகிதத்தை எடுத்தேன். ‘நல்ல மண்ணாகப் பார்த்து எடு’ என்று எழுதி உறையை ஒட்டிவிட்டேன்.