எட்டு ஜிபி எரிச்சல்

என் கம்ப்யூட்டருக்கு ரேம் கூட்டலாமா வேண்டாமா என்று நான் மண்டையைக் குடைந்துகொண்டதற்குக் காரணம் குருவி. அது அவள் விளையாட்டில் வைத்துக்கொண்ட பெயர். நிஜப் பெயர் தெரியாது; தெரிந்துகொள்ளும் ஆசையும் எனக்கு இல்லை.

நானும் என் வீட்டுக்காரரும் மாலையில் வேலை முடிந்து வந்ததும் கொஞ்ச நேரம் சேர்ந்து விளையாடுவோம். அவர் ஹாலில், நான் படுக்கையறையில், ஆளுக்கொரு கம்ப்யூட்டர். தீவில் இறங்கி, கிடைத்ததைப் பொறுக்கி, எதிரிகளைச் சுட்டு, கடைசிவரை உயிரோடு இருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த பழக்கம். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருக்கும் நேரம் என்று இப்போது மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதில்தான் மூன்றாவது ஆளாகக் குருவி வந்து ஒட்டிக்கொண்டாள்.

அவள் வந்த கொஞ்ச நாளில் என் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. தீவு என் திரையில் திறப்பதற்குள் அவர்கள் இருவரும் இறங்கி, வீடுகளைத் துடைத்துவிட்டு, குன்றைத் தாண்டியிருப்பார்கள். நான் காலி அலமாரிகளைத் திறந்து திறந்து பார்த்தபடி பின்னால் ஓடுவேன். பாதியில் திரை உறைந்துவிடும். மறுபடி நகரும்போது நான் செத்திருப்பேன்.

"பரவாயில்லம்மா, நீ ரெஸ்ட் எடு" என்பார் அவர், ரொம்ப அன்பாக. அதன் பிறகு சுவரைத் தாண்டி அவர் சத்தம் கேட்கும். குருவி, இடது பக்கம். குருவி, பின்னால பாரு. குருவி, எங்க போய்த் தொலைஞ்சே. அந்தக் குரலில் அப்படியொரு உயிர். என்னிடம் அவர் அப்படிப் பேசி எத்தனை காலமாகிறது. எனக்கு வயிறு பற்றி எரியும்.

"நானும் ரேம் கூட்டிக்கலாம்னு பாக்கறேன்" என்றேன் ஒரு நாள், சாப்பிடும்போது.

"எதுக்கு? உனக்கு இருக்கறதே தாராளம். சும்மா பொழுதுபோக்குக்குத்தானே ஆடறே."

"குருவிக்கு எவ்வளவு இருக்காம்?"

"முப்பத்திரெண்டு ஜிபி" என்றார், யோசிக்காமல். என் செருப்பு அளவு அவருக்குத் தெரியாது.

மறுநாள் எனக்கு லீவு. எந்த வகை ரேம் வாங்குவது என்று பார்க்க என் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினேன். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பூட்டுகிறவள். ஸ்க்ரூ டிரைவர் எனக்குக் கை வந்த சாமான். உள்ளே தூசி அப்பிக் கிடந்தது. ரேம் செருக இரண்டு இடம். ஒன்றில் எட்டு ஜிபி இருந்தது. இன்னொன்று காலி. அந்தக் காலி இடத்தில் மட்டும் பேருக்குக்கூடத் தூசி இல்லை.

என் தம்பி இதைப் பூட்டித் தந்தபோது இரண்டு ரேம் போட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜோடி மாறிவிடாமல் இருக்க லென்ஸின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி வைப்பது எங்கள் கடை வழக்கம். அன்று கை சும்மா இராமல் ரேம் இரண்டுக்கும் வைத்தேன். நேராக ஹாலுக்குப் போய் அவர் கம்ப்யூட்டரைத் திறந்தேன். இரண்டு கறுப்பு ரேம்களுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை ரேம் கமுக்கமாக உட்கார்ந்திருந்தது, ஓரத்தில் என் சிவப்புப் புள்ளியோடு.

அவளுக்கு ஈடுகொடுத்து ஓடுவதற்காக என்னுடையதைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அதை நினைக்கத்தான் இன்னும் ஆத்திரமாக வந்தது. புதிதாக எதுவும் வாங்குவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். பச்சையைப் பிடுங்கி என்னுடையதில் செருகினேன். அதே சூட்டில் அவருடைய கறுப்பில் ஒன்றையும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று மாலை தீவு என் திரையில் பட்டென்று திறந்தது. குருவி மட்டும் நின்றிருந்தாள். ஹாலில் அவர் மவுஸை மேஜையில் தட்டும் சத்தம் கேட்டது.

"என்னக்கா, இன்னிக்கு சீக்கிரம் வந்துட்டீங்க. அண்ணன் எங்க?" இத்தனை நாளில் அவள் என்னிடம் தனியாகப் பேசியது அப்போதுதான்.

"அவரோடது திணறுது. வர நேரமாகும்." சொல்லும்போதே எனக்கு மனசு குளிர்ந்தது.

"அப்பாடா" என்றாள். "அப்ப நாம ரெண்டு பேரும் கிளம்பிடலாம்க்கா. அவரு வந்தா என்னைத் திட்டிட்டே இருப்பாரு. இங்க ஏன் நிக்கறே, அதை ஏன் எடுக்கலே, கண்ணு எங்க இருக்குன்னு. நல்லா ஆடுவேன்னு நம்பித்தானே சேர்த்துக்கிட்டேன்னு வேற சொல்லுவாரு. உங்களையும் இப்படித்தான் திட்டுவாரா?"

என்னை அவர் ஒரு நாளும் திட்டியதில்லை. தப்பான வீட்டுக்குள் நுழைந்தாலும், துப்பாக்கியைத் தொலைத்தாலும், செத்தே போனாலும், பரவாயில்லம்மா. என்னிடம் ஏதாவது எதிர்பார்த்திருந்தால்தானே கோபம் வரும். அவள் வாங்கிய திட்டுக்குக்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது.

"ஆமா" என்றேன். "என்னையும் பயங்கரமா திட்டுவாரு."