மெத்வல்லியின் ரத்தக்கொதிப்பு

மீனின் செவுளுக்குள் விரல் இருக்கும்போதே பஹீகா தூங்கிப்போனாள். நின்றபடியே தூங்கினாள். மீன் கை நழுவித் தரையில் விழுந்த சத்தத்தில்தான் கண் திறந்தாள். எதிரே உப்புத் தொட்டி, பக்கத்தில் பாதி நிரம்பிய பீப்பாய். கடைசியாக அடுக்கிய வரிசைக்கு மேல் உப்பு போட்டோமா? குனிந்து தடவிப் பார்த்தாள். உப்பு இருந்தது. ஆனால் போட்ட நினைவு இல்லை.

நபரோ ஊரில் ஃபெசீக் போடுகிறவர்கள் தெருவுக்கு இரண்டு பேர். மடவை மீனைக் காற்றாட வைத்து, செவுளில் உப்பு அடைத்து, பீப்பாயில் அடுக்கி, மூடிப் பழுக்கவிடும் வேலை அது. ஷம்முன் நசீம் என்ற வசந்தத் திருநாளன்று குடும்பம் குடும்பமாக வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, வெங்காயத்தாளும் ரொட்டியும் வைத்து அதைத்தான் தின்பார்கள். ஓர் அடுக்கில் உப்பு தப்பினால் அதே மீன் விஷம். தின்றவனுக்கு முதலில் பார்வை இரண்டாகத் தெரியும், அப்புறம் நாக்கு குழறும், அப்புறம் மூச்சு முட்டும். எங்காவது ஓர் ஊரில் யாராவது அப்படிப் போய்விட்டதாகப் பேச்சு வரும். பஹீகாவின் பீப்பாயிலிருந்து எடுத்துத் தின்றவர் யாரும் படுத்ததில்லை. அவள் அப்பா கடை நடத்திய காலத்திலும் இல்லை. “உம்மு ரிஹாம் கை மீனா? கண்ணை மூடிக்கிட்டுத் தின்னு” என்று, ரிஹாமின் அம்மாவான அவளைப் பற்றிச் சந்தையில் சொல்வார்கள். அந்தப் பேச்சுதான் அவளுடைய சொத்து. இந்த வருடம் அது கையை விட்டுப் போய்க்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

குளிர்காலத்தில் ஆரம்பித்தது. ராத்திரி தூக்கம் வருவதில்லை, பகலில் கண் செருகும். புருஷன் மெத்வல்லிதான் மருந்துக்கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தான். படுக்கும் முன் ஒன்று. முதல் சில நாட்கள் சொர்க்கம். பிறகு காலையில் எழுந்தாலும் தூக்கம் தலைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். பேச்சு பாதியில் அறுந்துவிடும். வாடிக்கைக்காரியிடம் கேட்டதையே மறுபடி கேட்பாள். கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்ட தன் அம்மாவை நினைத்துக்கொள்வாள். நமக்கும் ஆரம்பித்துவிட்டது என்று உப்புத் தொட்டிக்குப் பின்னால் நின்று சத்தமில்லாமல் அழுவாள்.

“இந்த வருஷத்தோட போதும் பஹீகா” என்றான் மெத்வல்லி. “கத்தியை என் தம்பி பொண்டாட்டிகிட்ட குடுத்துடு. வயசாகுதில்ல?”

“அவளுக்கு மீனுக்கும் செருப்புக்கும் வித்தியாசம் தெரியாது.”

“கத்துக்குவா.”

“ஊர்ல நாலு பேரைக் கொன்னுட்டுக் கத்துக்குவா.”

மெத்வல்லி சிரித்தான். அரிசி ஆலையில் மூட்டை தூக்கித் தோள் அகன்ற மனிதன். அவனுக்கு ரத்தக்கொதிப்பு. போன வருடம் டாக்டர் சொன்னாராம், வீட்டில் உப்பே ஆகாது என்று. அன்றிலிருந்து அந்த வீட்டில் கீரைக்கும் உப்பில்லை, அவரை மசியலுக்கும் உப்பில்லை. ஊருக்கே உப்பு போடுகிறவள் வீட்டில் உப்பு டப்பா பரணுக்குப் போனது. அவனுக்காக நாமும் சேர்ந்து தின்போம் என்று பஹீகாதான் முதலில் சொன்னாள். சப்பென்ற சாப்பாட்டை அவன் முகம் சுளிக்காமல் விழுங்குவதைப் பார்க்கும்போது அவளுக்குப் பாவமாக இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவன் அடங்கமாட்டான். புதுப் பீப்பாய் திறந்தால் முதல் மீனை அறுத்து, முதுகெலும்பு ஓரம் மோந்து, முதல் துண்டைக் கடைக்காரி தின்ன வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஜனம் வாங்கும். அந்தத் துண்டை மெத்வல்லி அவள் கையிலிருந்து பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வான்.

“கொதிப்பை வச்சுக்கிட்டு அலையுறதைப் பாரு” என்று அவள் எல்லார் முன்னாலும் திட்டுவாள்.

“செத்தா உன் மீனைத் தின்னு சாகறேன். வேற கடையில தின்னு செத்தா உனக்குத்தான் அசிங்கம்” என்பான். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

திருநாளுக்குச் சில வாரம் முன்பு ஒரு முற்பகலில் மருந்துக்கடை டாக்டர் ஹில்மி கடைக்கு வந்தார். மகள் ரிஹாமுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளைக்கு அவர் தாய்மாமன். “என்ன சம்பந்தி, நல்ல கொழுத்த மீனா எடு. தங்கச்சி வீட்டுக்கும் சேர்த்து” என்றார்.

பஹீகா கத்தியை எடுத்தாள். பிறகு எதற்கு எடுத்தோம் என்று யோசித்தாள். “என்ன வேணும் டாக்டர்?”

அவர் மறுபடி சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு ஒரு மீனைத் தாளில் சுற்றினாள், பிரித்தாள், திரும்பச் சுற்றினாள். “என்ன வேணும்னு சொன்னீங்க?”

ஹில்மியின் சிரிப்பு போய்விட்டது. “கையை நீட்டு” என்றார். “ரெண்டையும். வண்டியை நிறுத்துற போலீஸ்காரன் மாதிரி காமி.” அவள் உள்ளங்கையைக் காட்டி நீட்டினாள். மணிக்கட்டு பறவைச் சிறகு மாதிரி தானாகக் கீழே விழுந்து விழுந்து எழுந்தது. அவர் அவளை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து கீழிமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளை இருக்கவேண்டிய இடம் பழைய எலுமிச்சை நிறத்தில் இருந்தது.

“அந்தத் தூக்க மாத்திரையை இன்னும் சாப்பிடுறியா?”

“தினம் ஒண்ணு. நீங்க குடுத்ததுதானே.”

“நான் குடுத்தப்போ மெத்வல்லிகிட்ட கேட்டேன். இவளுக்குக் கல்லீரல் எப்படி இருக்குன்னு கேட்டேன். குதிரை மாதிரி இருக்கான்னு சத்தியம் பண்ணினான்.”

“எனக்குக் கல்லீரலுக்கு என்ன? எனக்கு ரத்தம் கம்மி. அதுக்கு மாத்திரை சாப்பிட்டு முடிச்சாச்சு.”

அவளிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை என்று ஹில்மிக்குப் புரிந்தது. பிறகு ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நீ அடுக்கு வைக்கிறவ. உனக்குப் புரியும்” என்றார். “ஒரு மாத்திரை உள்ள போனா அதை உடைச்சு வெளியே தள்ளுறது கல்லீரல் வேலை. நல்ல கல்லீரல்னா இன்னைக்குப் போட்டதுல பெரும்பங்கை அடுத்தது வர்றதுக்குள்ள ஒழிச்சுக்கிட்டே வரும். தழும்பு விழுந்த கல்லீரலுக்கு அது முடியாது. நேத்து போட்டது அப்படியே கிடக்கும். அதுமேல இன்னைக்குப் போட்டது. அதுமேல நாளைக்கு. நீ ஒண்ணுதான் விழுங்குறேன்னு நினைக்கிற. உன் உடம்புக்குள்ள பீப்பாய் நிறைஞ்சு கிடக்கு. எனக்குத் தெரிஞ்சிருந்தா இந்த மாத்திரையைக் கையாலயும் தொட்டிருக்கமாட்டேன்.”

“அப்போ எனக்குப் புத்தி கலங்கலையா?”

“உன் புத்தி உப்புக்கு அடியில இருக்கு. எடுத்துடலாம். ஆனா இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

அவள் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வழியில் எந்தத் திருப்பம் என்று ஒருமுறை நின்றாள். நின்ற இடத்தில் சின்ன வயதுப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. வாய்க்கால் தண்ணீர்ப் புழு நோய்க்கு ஊசி போட வருவார்கள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒரே ஊசியால் குத்திக்கொண்டே போவார்கள். அந்த ஊசி பரப்பிய வைரசால் வரிசையில் நின்ற பலருக்கும் பிற்காலத்தில் கல்லீரல் கெட்டது. அவள் ஊரில் அது எல்லாருக்கும் தெரிந்த கதை. அது தன் கதையாகவும் இருக்கும் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

மெத்வல்லி ஆலையிலிருந்து சாப்பிட வந்திருந்தான். ரிஹாம் ரொட்டியைச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

“என் கல்லீரலுக்கு என்ன?” என்றாள் பஹீகா, வாசலில் நின்றபடியே.

ரிஹாமின் கை ரொட்டி மேலேயே நின்றுவிட்டது. கல்லில் ரொட்டி கருகும் வாசனை வந்தது. யாரும் எடுக்கவில்லை. மகளின் கையைப் பார்த்ததும் பஹீகாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

“உனக்கும் தெரியுமா?”

“அம்மா, உன் நல்லதுக்குத்தான்...”

“உட்காரு பஹீகா” என்றான் மெத்வல்லி. “எல்லார் வீட்லயும் இப்படித்தானே. நோயாளிகிட்ட நோய் பேரை யார் சொல்லுவா? உங்க அப்பாவுக்கு வந்தப்போ நீயும்தானே மறைச்ச. வயித்துப்புண்ணுன்னு சொல்லிச் சொல்லியே அனுப்பி வச்ச.”

அது உண்மை. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

“ரத்தம் கம்மின்னு நான் தின்ன மாத்திரை?”

“வைரசுக்கு. அது போயிடுச்சு. தழும்பு போகல. கவலைப்பட்டா சீக்கிரம் முத்திடும்னு உன் தங்கச்சியும் சொன்னா.”

“அவளுக்கும் தெரியுமா? தெருவுல யாருக்குத் தெரியாது, அதைச் சொல்லு.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் முன்னால் இருந்த கீரைக் கிண்ணத்தை அவள் பார்த்தாள். சப்பென்ற கீரை. பரணுக்குப் போன உப்பு டப்பா நினைவுக்கு வந்தது.

“உனக்குக் கொதிப்பு இருக்கா?”

அவன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

“கேக்குறேன். இருக்கா, இல்லையா?”

“இல்ல” என்றான். “வயித்துல தண்ணி சேரும், நீ உப்பு திங்கக்கூடாதுன்னு டாக்டர் சொன்னார். உன்கிட்ட எப்படிச் சொல்ல? அதான் எனக்குன்னு சொன்னேன். கடையில உன் கையில இருந்து பிடுங்கினதும் அதுக்குத்தான்.”

பஹீகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் அவனுக்காகப் பரிதாபப்பட்டது, தொழுகையில் அவன் கொதிப்பு இறங்க வேண்டிக்கொண்டது, ஜனங்கள் முன் செல்லமாகத் திட்டியது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் யாரோ அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அவன் அவளுக்காக உப்பை விட்டிருக்கிறான். இன்னொருத்தி என்றால் உருகியிருப்பாள். அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

“சரி. என்கிட்ட மறைச்ச. மருந்து குடுக்கிறவன்கிட்ட ஏன் மறைச்ச? அவரு கேட்டாரே.”

“அவரு மாப்பிள்ளைக்கு மாமன். பொண்ணோட அம்மாவுக்கு வைரஸ் இருந்துச்சுன்னு தெரிஞ்சா கல்யாணம் நடக்குமா? தூக்க மாத்திரைதானே, ஊரே திங்குதுன்னு நினைச்சேன்.”

“எனக்குப் பைத்தியம் பிடிக்குதுன்னு தொட்டிக்குப் பின்னாடி நின்னு அழுதேன். நீ கத்தியைக் குடுத்துடுன்னு சொன்ன. நோய் முத்துதுன்னுதானே நினைச்ச? வேலையை விடுன்னு சொல்லத் தெரிஞ்சுது. ஏன்னு சொல்லத் தெரியல.”

ஆஸ்பத்திரியில் மாத்திரையை மெல்ல மெல்லக் குறைத்தார்கள், வேறு மருந்து கொடுத்தார்கள். தூக்கம் கெட்டதே கல்லீரலின் வேலைதான் என்று அங்கே சொன்னார்கள். அங்கேயும் டாக்டர் வழக்கப்படி மெத்வல்லியை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். “இங்கயே சொல்லுங்க. உடம்பு என்னோடது” என்றாள் பஹீகா. தலைக்குள் இருந்த மூட்டம் மெதுவாகக் கரைந்தது. தெளிந்ததும் அவளுக்கு முதலில் வந்த நினைவு பீப்பாய்கள்.

திருநாளுக்கு முந்தைய நாள் கடை திறந்தாள். வரிசை தெருமுனை வரை நின்றது. மாப்பிள்ளையின் அம்மாவும் கூடையோடு முன்னால் நின்றிருந்தாள். பஹீகா பீப்பாயைத் திறந்து முதல் மீனை அறுத்து மோந்தாள். வாசனை நன்றாகத்தான் இருந்தது. சதை இளஞ்சிவப்பாக இருந்தது. அடுத்ததும் அப்படியே. ஆனால் அடியில் இருந்த அடுக்குகளைப் போட்டவள் தான்தானா என்று அவளுக்கே தெரியாது. விஷமான மீன் எப்போதும் நாறிக்காட்டாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

மெத்வல்லி காதோரம் குனிந்தான். “சந்தேகமா இருந்தா மீன் தீந்துபோச்சுன்னு சொல்லிடு. இவங்ககிட்ட கல்லீரல் கதை எதுக்கு?”

“என் கல்லீரல் நல்லாருக்குன்னு நீ சொன்ன மாதிரியா?”

“அம்மா” என்றாள் ரிஹாம், அழுகிற குரலில். “என் மாமியார் நிக்கிறாங்க.”

“உன் மாமியாரும் இந்த மீனைத் திங்கப்போறவதான்.”

பஹீகா கத்தியைக் கீழே வைத்தாள். கூட்டத்தின் முன் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. தரையைப் பார்த்தே ஆரம்பித்தாள். “எனக்குக் கல்லீரல் கெட்டுப்போயிருக்கு. அது தெரியாம ஒரு மாத்திரை சாப்பிட்டேன். அது உள்ளயே தங்கித் தங்கி எனக்கு நிதானம் போயிடுச்சு. இந்த மீனை நிதானம் இல்லாமதான் அடுக்கினேன். உப்பு போட்டேனா இல்லையான்னு எனக்கே தெரியாது. யாரும் வாங்காதீங்க.”

“உன் மீனை வேணாம்னு நீயே சொல்றியே, உம்மு ரிஹாம்” என்றாள் ஒருத்தி. “யார் கண்ணு பட்டுச்சோ.”

“கண்ணு இல்ல. வாய். திறக்க வேண்டிய வாய் எதுவும் திறக்கல.”

மாப்பிள்ளையின் அம்மா கூடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். கல்யாணம் நடக்குமா, நின்றுவிடுமா என்று யாருக்கும் புரியவில்லை. கொல்லையில் குழி வெட்டி, மீனையெல்லாம் கொட்டி, நாயோ மனிதனோ தோண்டி எடுக்காதபடி பஹீகா தன் கையாலேயே சுண்ணாம்பு தூவி மண்ணெண்ணெய் ஊற்றினாள். மெத்வல்லி மண்வெட்டியைக் கேட்டான். அவள் கொடுக்கவில்லை.

அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அடுப்பில் உப்போடு ஒன்றும் உப்பில்லாமல் ஒன்றுமாக இரண்டு பானை இருந்தன. பரணிலிருந்து இறக்கிய உப்பு டப்பாவை மெத்வல்லியின் தட்டருகே வைத்தாள்.

“எனக்கும் உன் பானையிலிருந்தே போடு” என்றான். “பழகிப்போச்சு.”

“உனக்குத்தான் கொதிப்பே இல்லையே.”

அவன் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தான். தூவினான். இன்னொன்று எடுத்தான். போதும் என்று அவள் சொல்வாள் என்று முகத்தைப் பார்த்தபடியே தூவிக்கொண்டிருந்தான். அவள் தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.