பாட்டில் மயில்

காந்திமதி ஆபீஸ் முடிந்து வந்தபோது மாடிப்படிக்குக் கீழே இருந்த ஐந்து வாளிகளையும் காணவில்லை. இடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். ஈரம்கூட இன்னும் காயவில்லை.

டெல்லியில் கோல் மார்க்கெட் பக்கத்து அரசாங்கக் குடியிருப்பில் அவளுக்கும் கணவர் சிவகுமாருக்கும் இது பதினோராவது வருஷம். சொந்த ஊர் பாளையங்கோட்டை. அவள் அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். வெள்ளையடிக்க வந்தவர்கள் விட்டுப்போன டிஸ்டெம்பர் வாளிகளில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டு, அடியில் தேங்காய் நாரைப் பரப்பி, அந்த பிளாக்கின் எட்டு வீட்டுக் காய்கறித் தோலையும் அவள் உரமாக்கிக்கொண்டிருந்தாள். தோல் ஒரு அடுக்கு, வேப்பஞ்சருகு ஒரு அடுக்கு, மேலே ஒரு கரண்டி புளித்த மோர். முதல் மாதம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்களே மூன்றாம் மாதம் கிண்ணத்தை நீட்டி மண் கேட்டார்கள். எட்டு பால்கனியிலும் பழைய எண்ணெய் டின்களில் கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் தழைத்தன. இந்த ஐந்து வாளியும் பிப்ரவரியில் நிரப்ப ஆரம்பித்தவை. இன்னும் பத்து நாளில் சலித்திருக்கலாம்.

குப்பை எடுக்க வரும் மஞ்சு கேட் அருகே துடைப்பத்தோடு நின்றாள். விழுப்புரத்துக் குடும்பம், பிறந்தது டெல்லியில்.

"வாளியெல்லாம் எங்கே மஞ்சு?"

"செக்ரெட்டரி ஸாப்தான் எடுக்கச் சொன்னாரு அக்கா. நாளைக்குப் பெரிய ஆளுங்க வராங்களாம். அசிங்கமா இருக்குன்னாரு. குப்பைக் காடி வந்திச்சு, ஏத்திட்டோம்."

"மண்ணையுமா?"

மஞ்சு தலையைக் குனிந்துகொண்டாள். "நான் சொன்னேன் அக்கா, இது குப்பை இல்லன்னு. ஜல்தி ஜல்தின்னு கத்தினாரு."

காந்திமதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாளைய விழா என்ன என்று அவளுக்குத் தெரியும். சுற்றுச்சூழல் தினத்துக்காகக் குடியிருப்பு நலச்சங்கம் நடத்தும் போட்டி. வீட்டுக் கழிவிலிருந்து கலைப்பொருள் செய்ய வேண்டும். உரவாளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் போன வாரம் பெயர் கொடுத்தபோது, சங்கச் செயலாளர் வெங்கடராமன், "அது டிஸ்ப்ளேக்கு நன்னா இருக்காது மேடம்" என்று சிரித்திருந்தார்.

வீட்டுக்குப் போகாமல் நேரே அவருடைய பிளாக்குக்கு நடந்தாள். அவர் இல்லை. வாசலில் அவர் மனைவி சுபாஷிணியும் இன்னும் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில் பெட்டிகள். ஒவ்வொரு பாட்டிலாக மூடியைத் திருகி, தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். சீல் உடைக்காத புது பாட்டில்கள். ஜூன் மாதம், மூன்று நாளாகக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அன்று காலை டாங்கர் முன்னால் குடத்தோடு முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுத்தான் அவள் ஆபீஸுக்குப் போயிருந்தாள்.

"ஏன் கொட்டுதீங்க?"

சுபாஷிணி நிமிர்ந்தாள். "மயில் பண்றோம், காந்திமதிஜி. தோகைக்கு நூத்தி இருபது பாட்டில் வேணும். ஆத்துல அவ்வளவு பழசு ஏது? ராத்திரிக்குள்ள பெயிண்ட் அடிச்சாகணும்."

"குடிக்கிற தண்ணிங்க இது. பக்கெட்ல ஊத்தி வச்சாலும் நாலு வீட்டுக்கு ஆகுமே."

"அச்சா, மிச்சத்தை அப்படிப் பண்றோம்" என்றாள் சுபாஷிணி. மிச்சம் ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. அதையாவது மஞ்சு வீட்டுக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுக் காந்திமதி திரும்பினாள். அதற்குமேல் அங்கே நின்றால் வாய் தடித்துவிடும் என்று பயந்தாள்.

சிவகுமார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விடு, காந்தி. அசோசியேஷன்காரங்களோட எதுக்கு வம்பு?" என்றார். அவர் யாரோடும் சண்டை போட்டு அவள் பார்த்ததில்லை. அன்றைக்கு அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் பூங்காவில் ஷாமியானா போட்டிருந்தார்கள். நீலமும் பச்சையும் பூசிய மயில் இடுப்புயரத்துக்கு நின்றது. தலைமை விருந்தாளி ஒரு மூத்த அதிகாரி. மயிலைச் சுற்றி வந்து பார்த்தவர், "இதெல்லாம் உங்கள் வீடுகளில் சேர்ந்த கழிவா?" என்று இந்தியில் கேட்டார்.

"ஜி ஸர்" என்றார் வெங்கடராமன்.

காந்திமதி எழுந்து நின்றாள். "இல்லை ஸர்" என்று இந்தியிலேயே சொன்னாள். "இவை நேற்று கடையில் வாங்கிய பாட்டில்கள். உள்ளே இருந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினார்கள். எட்டு வீட்டுக் கழிவு நான்கு மாதமாக மண்ணாகிக்கொண்டிருந்தது. அதை நீங்கள் வருகிறீர்கள் என்று நேற்று குப்பை லாரியில் ஏற்றிவிட்டார்கள்."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல கருத்து, எல்லோரும் யோசிக்க வேண்டும்" என்றார். பிறகு முதல் பரிசை மயிலுக்கே கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். மண் கேட்டுக் கிண்ணத்தோடு வந்தவர்களும்தான். அந்தக் கைதட்டல்தான் அவளை மிகவும் அறுத்தது.

"நீங்க பர்சனலா எடுத்துக்கறேள் மேடம்" என்றார் வெங்கடராமன், பந்தியில்.

"ஆமா, என் வாளி. பர்சனலாத்தான் எடுத்துக்குவேன்."

செவ்வாய்க்கிழமை காலை மயில் அவள் பிளாக் கேட்டருகே குப்பைத் தொட்டியோடு சாய்ந்து கிடந்தது. மஞ்சு பழைய சாமான் வாங்கும் கபாடிவாலாவைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தாள். அவன் தொட்டுப் பார்த்துவிட்டு, பெயிண்டும் பசையும் ஒட்டியதை உருக்க முடியாது, சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று சைக்கிளை மிதித்துப் போய்விட்டான். வெறும் பாட்டிலாக இருந்தால் வாங்கியிருப்பான்.

காந்திமதி மயிலின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள். தோகை தரையில் இழுபட்டது. பின்னால் வந்த சிவகுமார் தோகைப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டார். இரண்டு பேரும் அதை வெங்கடராமன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி மணியை அடித்தார்கள்.

வெங்கடராமன் ஷேவிங் சோப்போடு வந்து பார்த்தார். "இதை நான் என்ன பண்றது?"

"அதை நீங்கதான் சொல்லணும் சார். வீட்டுக் கழிவை என்ன பண்ணலாம்னு ஊருக்கே சொன்னீங்கல்ல."

"மஞ்சுவைக் கூப்பிட்டு..."

"மஞ்சு கையில கொடுத்தீங்கன்னா நான் திரும்பவும் இங்கேயே தூக்கிட்டு வருவேன். எத்தனை தடவைன்னாலும் வருவேன்."

சிவகுமார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானும் வருவேன்" என்றார்.

மூன்றாம் நாள் வெங்கடராமன் போன் செய்தார். பம்ப் ரூமுக்குப் பின்னால் வாளி வைத்துக்கொள்ளலாம், சங்கத்துக்கு ஆட்சேபனை இல்லை என்றார். எழுத்தில் கொடுங்கள் என்றாள் காந்திமதி. கொடுத்தார். மந்திர் மார்க் சாலையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டு ஆறு காலி வாளிகள் வாங்கி வந்தாள். மறுபடி கம்பியைக் காய்ச்சினாள். போன நான்கு மாத மண் போனதுதான். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது.

அடுத்த வாரம் சுபாஷிணியும் மஞ்சுவிடம் தோல் கொடுத்தனுப்பினாள், பாலிதீன் பையில் முடிச்சுப் போட்டு. காந்திமதி முடிச்சை அவிழ்த்துத் தோலை வாளியில் கொட்டினாள். பையை மடித்து மஞ்சுவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"நாளையிலேருந்து பாத்திரத்துல கொண்டுவரச் சொல்லு. அவங்களே கொண்டுவரட்டும்."